மூன்று மாதமாக வரைகிறேன், கை படியவில்லை. எனக்குப் பொறுமை இல்லையா?

ஜனவரி 4, கேள்வி

மூன்று மாதமாகத் தினமும் ஒரு மணி நேரம் பென்சிலில் வரைகிறேன். முகம், கை, மேசைமேல் இருக்கும் பொருள்கள். முதல் மாதம் முன்னேற்றம் தெரிந்தது. இப்போது என்னவென்றால் பழைய படங்களைவிடப் புதியவை மோசமாகத் தெரிகின்றன. பாதியில் கிழித்துப் போடுவது கூடிவிட்டது. கேட்டால் எல்லோரும் "பொறுமை வேண்டும்" என்கிறார்கள். அந்தப் பொறுமையை எப்படிப் பழகுவது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

ஜனவரி 4, இரவு, பதில்

கிழிப்பதை இன்றோடு விடுங்கள். கிழித்த தாளில்தான் விடை இருந்தது.

மிஞ்சியிருக்கும் படங்களில் கடைசிப் பத்தை எடுத்துத் தரையில் பரப்புங்கள். சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வட்டம் போடுங்கள், முதலில் தப்பிய இடத்தில். கண்ணை உறுத்தும் இடம் வேறு, முதலில் தப்பிய இடம் வேறு. மூக்கு கோணலாகத் தெரியும். ஆனால் மூக்குக்கு வெகு முன்பே தலையின் சாய்வு தப்பியிருக்கும், மூக்கு பாவம் அந்தத் தப்பான தலைக்குச் சரியாகவே உட்கார்ந்திருக்கும். வட்டங்களில் பெரும்பாலானவை முதல் ஐந்து நிமிடத்தில் போட்ட கோடுகளில் விழும்.

அப்படியானால் மீதி ஐம்பத்தைந்து நிமிடமும் நீங்கள் பொறுமையாகத்தான் இருந்திருக்கிறீர்கள், தப்பான கோட்டின்மேல்.

ஜனவரி 5

"பழையவற்றைவிட மோசமாகத் தெரிகின்றன" என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும். முதல் மாதப் படம் ஒன்றையும் நேற்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் மாதப் படத்தில் இப்போது எத்தனை தவறு தெரிகிறது, அன்றைக்கு எத்தனை தெரிந்தது? அன்று இரண்டு, இன்று எட்டு என்றால் கண் வளர்ந்துவிட்டது, கை பின்னால் வந்துகொண்டிருக்கிறது. "சித்திரமும் கைப்பழக்கம்" என்று எல்லாப் பெருமையையும் கைக்குக் கொடுத்துவிட்டோம். வரைவதில் முதலில் பழகுவது கண். அது முந்தி ஓடும் வாரங்களில்தான் ஆட்கள் பென்சிலைக் கீழே வைக்கிறார்கள்.

இந்த இடைவெளியை மனத்தைத் தேற்றிக் கடக்க முடியாது. செய்யக்கூடியது ஒன்று: தீர்ப்பைத் தள்ளிப் போடுவது. வரைந்து முடித்ததும் படத்தைக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் காலையில் நிமிர்த்திப் பாருங்கள், அப்போதும் முதலில் கண்ணாடியில். கண்ணாடியில் இடம் வலமாக மாறும்போது கண்ணுக்குப் பழகிப்போன சாய்வு சட்டென்று வெளியே வரும். பழைய உத்திதான். இத்தாலிய அறிஞர் லியோன் பத்தீஸ்தா ஆல்பெர்ட்டி 1435இலேயே ஓவியர்களுக்குக் கண்ணாடியை நல்ல நீதிபதி என்று சொல்லிவைத்தார். கைபேசியில் படம் எடுத்துத் திருப்பிப் பார்த்தாலும் அதே வேலை நடக்கும்.

ஜனவரி 7

முதல் ஐந்து நிமிடத்தை என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். நாற்பது நிமிடப் படம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதல் பத்து நிமிடம் கண், மூக்கு, கைப்பிடி, மடிப்பு என்று பெயருள்ள எதையும் வரையக் கூடாது. மேல் எல்லை, கீழ் எல்லை, இடம், வலம் என்று நான்கு சின்னக் குறிகள். பிறகு உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம். கையை முழங்கை மடங்காமல் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியைப் பொருளின் ஒரு விளிம்பிலும் கட்டைவிரல் நகத்தை மறு விளிம்பிலும் வைத்து அளக்க வேண்டும். முழங்கை மடங்கினால் பென்சிலுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் மாறும், அளவு பொய்யாகும். "அளந்துதான் பார்த்தேன், சரியாக வரவில்லை" என்பவர்களின் முழங்கையைப் பாருங்கள்.

அடுத்த ஐந்து நிமிடம் சாய்வுகள். பென்சிலைச் சாய்வான விளிம்போடு பொருத்திப் பிடித்து, கோணம் மாறாமல் தாளுக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகு பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வெற்றிடங்களின் வடிவத்தைச் சரிபாருங்கள். கைப்பிடிக்கும் கோப்பைக்கும் நடுவில் இருக்கும் ஓட்டை என்ன வடிவம்? கைப்பிடி எப்படி இருக்கும் என்று மூளைக்கு "தெரியும்", அதனால் பார்க்காமலே வரைந்துவிடும். ஓட்டைக்குப் பெயர் இல்லை, அதனால் பார்த்தே ஆக வேண்டும்.

இதெல்லாம் லேசான கோட்டில். 2ஹெச் பென்சில் போதும்.

ஜனவரி 7, சற்று நேரம் கழித்து

2ஹெச் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். அதில் களிமண் விகிதம் கூடுதல், நுனி கடினம். கை இறுகியவர் அதை அழுத்தினால் கோடு வெளிறியே இருக்கும், ஆனால் தாளில் பள்ளம் விழும். பிறகு மென்மையான, கருமை கூடிய 4பி கொண்டு நிழல் பூசும்போது அந்தப் பள்ளத்தில் கிராஃபைட் (பென்சில் கரி) இறங்காமல் வெள்ளை நரம்பு மாதிரி எழுந்து நிற்கும். எந்த ரப்பரும் அதை எடுக்காது. இரண்டுக்கும் நடுவில் உள்ள ஹெச்பி போதும். நுனியிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள், அழுத்த நினைத்தாலும் முடியாது.

ஜனவரி 10

ரப்பர்தான் பொறுமையின்மையின் பெரிய சாட்சி. கோடு தப்பியதும் அழிக்கிறோம், மறுபடி போடுகிறோம், அதே இடத்தில் அதே தப்பு. காரணம் எளிது: தப்பான கோட்டை அழித்துவிட்டால் எதிலிருந்து எவ்வளவு நகர வேண்டும் என்று காட்ட ஆளில்லை. தப்பான கோடு இருக்கட்டும். பக்கத்தில் சரியானதைப் போடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு உறுதியான பிறகு பழையதை எடுங்கள்.

எடுப்பதற்குப் பிசைந்து உருமாற்றும் ரப்பர் நல்லது. தேய்க்காமல் ஒற்றி எடுக்கலாம், தாளின் நார் எழும்பாது. நார் எழும்பிய இடத்தில் எந்த நிழலும் திட்டுத்திட்டாகத்தான் விழும். 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடை) தாள் மூன்றாவது அழிப்புக்குள் நொந்துவிடும். வேகக் கோட்டோவியங்களுக்கு அது போதும், நீண்ட நேர நிழல் வேலைக்கு 120க்கு மேலே, கொஞ்சம் சொரசொரப்பானதாகப் பாருங்கள். அதற்காகக் கெட்டி அட்டை போட்ட அழகான ஸ்கெட்ச்புக் வேண்டாம். அழகான நோட்டுப் புத்தகம் "முதல் பக்கம் நன்றாக இருக்க வேண்டும்" என்று மிரட்டும், முதல் பக்கம் காலியாகவே கிடக்கும்.

ஜனவரி 11

முழங்கையைப் பற்றி எழுதியவர் தாளைப் பற்றி எழுத வேண்டாமா என்று ஒருவர் இடித்துரைத்தார். சரிதான்.

தாளை மேசையில் படுக்க வைத்து வரைந்தால், தாளின் மேற்பகுதி கண்ணுக்குத் தொலைவில், சாய்வாக, குறுகித் தெரியும். குறுகித் தெரிவதை ஈடுகட்ட நம்மையறியாமல் நீட்டி வரைவோம். எழுந்து நின்று பார்த்தால் நெற்றி பூசணிக்காய் மாதிரி இருக்கும். பலகையைச் சாய்த்து, பார்வை தாளில் நேர்குத்தாக விழும்படி வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து ஆறடி தள்ளி நின்று பாருங்கள். முகத்தில் "திறமை இல்லை" என்று பலர் நினைப்பதில் ஒரு பகுதி மேசையின் குற்றம்.

இன்னொரு பகுதி மண்டையோட்டின் குற்றம். கண்கள் தலையின் உயரத்தில் ஏறக்குறைய நடுவில் இருக்கும். புதிதாக வரைபவர்கள் உச்சியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறங்கியதுமே கண்ணை வைத்துவிடுவார்கள். முகத்தில் கவனிக்கிற சமாச்சாரமெல்லாம் கீழ்ப்பாதியில் இருக்கிறது, நெற்றிக்கும் உச்சிக்கும் இடம் விட மனசு வராது. இது பொறுமையால் சரியாகிற பிழை இல்லை. ஒரு முறை அளந்தால் சரியாகும்.

ஜனவரி 15

"ஒன்றில் தேர்ச்சி பெற 10,000 மணி நேரம் ஆக வேண்டும், தினம் ஒரு மணி என்றால் இருபத்தேழு ஆண்டு, நான் கிளம்புகிறேன்" என்று ஒருவர்.

கிளம்ப வேண்டாம். அந்த எண்ணின் மூலம் உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் இருந்த இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வு, பெர்லினில் வயலின் படித்த மாணவர்களைப் பற்றியது. மிகச் சிறந்த குழு இருபது வயதுக்குள் தனியாகப் பயின்ற நேரத்தின் சராசரி 10,000ஐத் தாண்டியது. சராசரி, அவ்வளவுதான். தாண்டினால் கதவு திறக்கும் என்று அதில் எங்கும் இல்லை. உலக மேடைக்குப் போட்டியிடுகிறவர்களின் கணக்கை வைத்து ஒரு கோப்பையை வரையக் கற்பவர் தன்னை அளந்துகொள்வது, மாராத்தான் ஓடுகிறவரின் கடிகாரத்தைப் பார்த்துப் பால் வாங்கப் போகிற மாதிரி.

அந்த ஆய்வில் நமக்கு உதவுவது வேறு: மணியைவிட, அந்த மணியில் என்ன நடந்தது என்பதற்கு அவர்கள் கொடுத்த அழுத்தம். குறிப்பான பலவீனம் ஒன்று, அதற்கான பயிற்சி, உடனே திருத்தம். சிவப்பு வட்டம் போடச் சொன்னது அதற்காகத்தான்.

ஜனவரி 16

கோப்பை என்றதும் நீள்வட்டம் ஞாபகம் வருகிறது. எல்லோரும் தடுக்கி விழும் இடம்.

கோப்பையின் வாய் ஒரு நீள்வட்டம், அடியும் ஒரு நீள்வட்டம். கண்மட்டத்துக்குக் கீழே போகப் போக வட்டம் அகலமாகத் திறக்கும், ஆகவே அடி வாயைவிட உருண்டையாக வளைய வேண்டும். ஆனால் கோப்பை தட்டையான மேசைமேல் நிற்கிறது என்று மூளைக்குத் தெரியுமே, அடியை நேர்கோடாகப் போட்டுவிடும். இரண்டாவது பிழை, நீள்வட்டத்தின் இரு முனைகளும் இலைநுனி மாதிரி கூராவது. நீள்வட்டத்துக்கு மூலை கிடையாது, எவ்வளவு ஒடுங்கினாலும் முனை வளைந்தே திரும்பும். பென்சில் தாளைத் தொடாமல் மேலே நான்கைந்து சுற்று சுற்றி, கை வழிக்கு வந்ததும் அப்படியே இறக்கி இரண்டு சுற்று போடுங்கள். சுற்று தோளிலிருந்து வர வேண்டும். மணிக்கட்டால் சுற்றினால் மணிக்கட்டின் எல்லையில் முனை கூராகும்.

ஒரு தாளில் முப்பது நீள்வட்டம், ஐந்து நிமிடம். நன்றாக வந்த மூன்றுக்குப் பக்கத்தில் புள்ளி வையுங்கள். மோசமானதைக் குறிக்க வேண்டாம், அது தானாகத் தெரியும்.

ஜனவரி 19

முந்தைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் மூன்று நாள் நீள்வட்டம் மட்டுமே போட்டிருக்கிறார். தாளில் அருமையாக வருகிறதாம், கோப்பையில் வரவில்லையாம். தவறு என்னுடையது, கலந்து செய்யச் சொல்லியிருக்க வேண்டும்.

ஷே, மார்கன் என்ற இருவர் 1979இல் ஒரு சோதனை செய்தார்கள். கையை வேகமாக அசைக்க வேண்டிய மூன்று வகை வரிசைகள். ஒரு குழு முதல் வகையை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. மற்ற குழு மூன்றையும் கலைத்துப் போட்டுப் பழகியது. பழகும்போது கலைத்துப் பழகியவர்கள் மெதுவாக இருந்தார்கள். பத்து நிமிடம் கழித்தும் பத்து நாள் கழித்தும் சோதித்தபோது அவர்களிடம்தான் அது நிலைத்திருந்தது.

பொறுமை பற்றிய இந்தப் பேச்சு முழுவதற்கும் இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தால் "வந்துவிட்டது" என்ற உணர்வு சீக்கிரம் வரும், சீக்கிரம் போகும். மாற்றி மாற்றிச் செய்தால் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தடுமாறுவோம், ஆனால் தங்கும். ஆகவே பயிற்சியின் நடுவில் தோன்றும் "எனக்கு வரவே இல்லை" என்ற எண்ணத்தை அளவுகோலாக எடுக்காதீர்கள். நாற்பது நிமிடத்தை நான்காக்குங்கள்: நீள்வட்டம், கை, துணி மடிப்பு, மறுபடி நீள்வட்டம், இந்த முறை கோப்பையில். முற்றிலும் புதிய ஒன்றைத் தொடங்கும் முதல் ஓரிரு நாள் மட்டும் ஒன்றையே செய்யலாம். அடிப்படை அசைவே தெரியாமல் கலைப்பதில் பயன் இல்லை.

ஜனவரி 22

இரண்டாம் யோசனை. "பொறுமை" என்றால் "மெதுவாக" என்று இந்த இழையில் எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டோம், நானும்தான். கோட்டைப் பொறுத்தவரை அது தப்பு.

மெதுவாக இழுத்த கோடு நடுங்கும். ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கை தன்னைத் திருத்திக்கொண்டே போகும், திருத்தம் ஒவ்வொன்றும் ஒரு நெளிவு. நெளிவைப் பார்த்துப் பயந்து சின்னச் சின்னதாக வெட்டி வெட்டிப் போடுவார்கள், கோடு கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் முளைத்து நிற்கும். பொறுமை கோட்டுக்கு முன்னால் வேண்டும். தொடக்கப் புள்ளி, முடிவுப் புள்ளி வைத்து, காற்றில் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்து, கண்ணை முடிவுப் புள்ளியில் வைத்துக்கொண்டு ஒரே வீச்சில் இழுங்கள். தப்பினால் தப்பட்டும். நேரான தப்புக் கோட்டைத் திருத்துவது சுலபம், நெளிந்த சரியான கோட்டை ஒன்றும் செய்ய முடியாது.

மெதுவாக நகர வேண்டியது கண். தாளைப் பார்க்காமல் பொருளின் விளிம்பை மட்டும் பார்த்து, விளிம்பில் எறும்பு ஊர்கிற வேகத்தில் கண்ணை ஓட்டி, அதே வேகத்தில் பென்சிலையும் நகர்த்தும் பயிற்சி ஒன்று உண்டு. இங்கே நெளிவு குற்றமில்லை. ஐந்து நிமிடம், உங்கள் இடது கையே பொருள். படம் கைபோல வராது, முடிச்சுப் போட்ட கயிறு போல வரும். அது சரி, கோணிப்போகும் என்று தெரிந்தே செய்வது. அதில் தாளுக்கு நடுவில் ஏதோ ஒரு இரண்டு அங்குலம், ஒரு விரல் மடிப்பு, அச்சு அசலாக இருக்கும். அதைத் தேடுங்கள்.

ஜனவரி 22, பின்குறிப்பு

இடது கைக்காரர் ஒருவர் "உங்கள் இடது கையே பொருள் என்றால் நான் எதில் வரைவது" என்கிறார். வலது கையை வரையுங்கள் ஐயா. நிழல் பூசும்போது தாளின் வலப்பக்கத்திலிருந்து தொடங்குங்கள், கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாள் வையுங்கள்.

ஜனவரி 27

நிழல். இங்கே பொறுமையின்மை இரண்டு உருவில் வரும்.

ஒன்று, விரலால் தேய்ப்பது. சட்டென்று மென்மையாகிவிடும், சந்தோஷமாக இருக்கும். விரலின் எண்ணெய்ப்பசை தாளில் இறங்கிக் கிராஃபைட்டைப் பிடித்துக்கொள்ளும், பிறகு அழித்தால் போகாது. சுருட்டிய தாளோ மெல்லிய துணியோ பரவாயில்லை, அதுவும் கோடுகளால் அடுக்கிய பிறகு. இரண்டு, இருளுக்குப் பயப்படுவது. 2பி ஒன்றையே வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நடுச்சாம்பலில் முடித்துவிட்டு "ஏதோ குறைகிறது" என்று விவரங்களைக் கூட்டிக்கொண்டே போவார்கள். குறைவது விவரம் இல்லை, கருமை.

கண்ணை இடுக்கிப் பாருங்கள். வெளிச்சம், நடு, இருள் என்று மூன்றாகப் பிரியும் வரை இடுக்குங்கள். மூன்றை மட்டும் தட்டையாகப் பூசுங்கள், முதலில் இருளை. இருள் தாளில் ஏறிய பிறகுதான் நடு எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். ஒரே விளக்கு, பளபளப்பில்லாத பொருள் என்றால், நிழல் பக்கத்தின் மிக வெளிச்சமான இடம்கூட வெளிச்சப் பக்கத்தின் மிக மங்கலான இடத்தைவிடக் கருப்பாகவே இருக்கும். இதை மீறினால் உருண்டை தட்டையாகும். கருமைக்கு 6பி எடுக்கலாம், ஆனால் அழுத்தித் தேய்க்காதீர்கள், கிராஃபைட் பளபளத்து, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இருட்டே வெள்ளையாகத் தெரியும். லேசாக மூன்று நான்கு அடுக்கு, ஒவ்வொன்றும் வேறு திசையில்.

பென்சில் சீவுவதைப் பற்றியும் கேள்வி வந்தது. கத்தியால் கரியை நீளமாக வெளியே விட்டுச் சீவினால் பக்கவாட்டில் அகலமாகப் பூசலாம். வரையப் பயமாக இருக்கும் நாட்களில் பன்னிரண்டு பென்சிலையும் சீவி முடிப்பது உலகெங்கும் நடப்பது. இரண்டு சீவினால் போதும்.

பிப்ரவரி 1

பார்த்து நகல் எடுப்பது ஏமாற்று வேலையா?

வின்சென்ட் வான்கோ ஓவியராவது என்று முடிவெடுத்தது 1880இல், இருபத்தேழு வயதில். முதல் வேலையாகச் செய்தது சார்ல் பார்க் என்ற பிரெஞ்சு ஓவியரின் வரைதல் பாடத் தாள்களை வரிசையாகப் பார்த்து வரைந்தது. 1890இல், கடைசி ஆண்டில், அதே பார்கின் கரிக்கோல் பயிற்சித் தாள்களை மறுபடி எடுத்து நகல் செய்தார். இடையில் அளவுக்காகக் கம்பி கட்டிய சட்டகம் ஒன்றின் வழியே பார்த்தும் வரைந்தார். ஆகவே ஏமாற்று இல்லை. ஆனால் நகல் படத்தில் முப்பரிமாணத்தைத் தட்டையாக்கும் வேலையை வேறொருவர் முடித்துவைத்திருக்கிறார். அந்த வேலை உங்களுக்கும் பழக வேண்டுமென்றால் நகல் ஒன்று, நேரில் பார்த்து ஒன்று என்று மாற்றி மாற்றி.

அறுபது நொடியில் முகம் முளைக்கும் காணொளிகளை நகல் எடுக்கிறவர்களுக்கு ஒரு சொல்: அதில் முடுக்கி ஓட்டியது பல மணி நேரம். முதலில் வெட்டி எறிவது அளக்கும் பத்து நிமிடத்தைத்தான், பார்க்க அலுப்பாக இருக்கும் என்று.

பிப்ரவரி 3

எப்போது நிறுத்துவது? கோடுகள் தானாகக் குட்டையாகும்போது. பொருளைப் பார்க்காமல் தாளையே பார்த்துக்கொண்டு இரண்டு நிமிடம் ஓடிவிட்டால், அதுவும் அடையாளம். இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் ஒரே மூச்சில் வேண்டாம். நிறுத்தும்போது தாளின் ஓரத்தில் நாளைக்கு ஒரு வரி: "இடது காது, புருவ மட்டத்தோடு ஒப்பிடு." மறுநாள் எங்கே தொடங்குவது என்று தேடும் பத்து நிமிடமும், அந்தத் தேடலில் எழும் சோர்வும் மிச்சம்.

பிப்ரவரி 4

கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். பத்துப் படங்களில் எட்டு வட்டம் தலையின் சாய்வில், இரண்டு கண் மட்டத்தில். முகத்தை ஒதுக்கிவிட்டு இரண்டு வாரம் சாய்வு மட்டும் பார்க்கிறாராம். நல்லது. இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு மாதமும் முதல் நாள், அதே கோப்பை, அதே விளக்கு இடப்பக்கத்திலிருந்து, அதே நாற்காலி, 30 நிமிடம். தேதி போட்டு உறையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு முந்தையதோடு மட்டும் ஒப்பிடலாம், நேற்றையதோடு கூடாது. நாளுக்கு நாள் ஏறி இறங்குவது தூக்கத்தையும் விளக்கையும் பொறுத்தது, அதில் படிக்க ஒன்றும் இல்லை.

மார்ச் 1

கோப்பை உடைந்துவிட்டதாம். "கணக்கு போச்சா?"

போகவில்லை. கைப்பிடி உள்ள வேறொரு கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள், நீள்வட்டம் எல்லாக் கோப்பைக்கும் ஒன்றுதான். உறையின் மேல் "மார்ச் முதல் வேறு கோப்பை" என்று எழுதிவையுங்கள். உடைந்த துண்டுகளைத் தூக்கி எறிய வேண்டாம். உள்வளைவில் நிழல் மெதுவாக மாறும், உடைந்த விளிம்பில் சட்டென்று வெட்டும். மென்மையான ஓரமும் கூரான ஓரமும் ஒரே பொருளில் இவ்வளவு பக்கத்தில் கிடைப்பது அபூர்வம். பெரிய துண்டைக் கவிழ்க்காமல், குழிந்த பக்கம் விளக்கைப் பார்க்கும்படி வையுங்கள். விரல் பத்திரம்.